ஒரே சிகாருக்கு திரும்பி வர்றது எப்படி: சேலத்துல என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

மாசத்துக்கு ரெண்டு சிகார், அதிகமா போனா மூணு, அவ்ளோதான் நம்ம கணக்கு. ஆனா கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு வெளிய நிக்கும்போதும் சரி, ஏற்காட்டுல பெரியப்பா பையன் தோட்டத்து வீட்டுத் திண்ணைல உக்காந்திருக்கும்போதும் சரி, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்புலயும் சரி, அதே கேள்விங்கதான் சுத்தி சுத்தி வருது. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் கேட்டவங்க வார்த்தையிலயே கேள்விய போட்டு ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். புகையிலை பழக்கமே இல்லாதவங்க இத படிச்சுட்டு ஆரம்பிக்காதீங்க, ஏன்னு ரெண்டாவது கேள்வில இருக்கு. 18 வயசு ஆகலைன்னா இதோட மூடிட்டு போயிடு தம்பி.

சிகார் சிகார்ங்கறீங்களேண்ணா, நம்ம சுருட்டுதானே அது? எதுக்கு இவ்ளோ பில்டப்பு?

சுருட்டுதான். சொல்லப்போனா இங்கிலீஷ்காரன் 'செரூட்'னு சொல்றதே நம்ம 'சுருட்டு'ங்கற வார்த்தைல இருந்து போனதுதான். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலைய உறையூர்ல சுத்தி கப்பலேத்தின காலம் ஒன்னு இருந்துச்சு, சர்ச்சிலுக்கே எங்க ஊர் சுருட்டுதான் போச்சுன்னு திருச்சிக்காரங்க இன்னைக்கும் நெஞ்ச நிமித்தி சொல்வாங்க. நம்ம பக்கம் முனியப்பனுக்கு படையல்ல வைக்கிறதும் அதே சுருட்டுதான்.

வித்தியாசம் என்னன்னா, செரூட் ரெண்டு முனையும் வெட்டி திறந்தே இருக்கும். சிகார்ல வாய் வைக்கிற பக்கம் சின்னதா ஒரு இலைத் தொப்பி ஒட்டி மூடியிருக்கும், பிடிக்கறதுக்கு முன்னாடி அத நாமதான் வெட்டணும். உள்ள மூணு அடுக்கு, நடுவுல பில்லர்னு உள்ள அடைக்கிற இலை, அத கட்டி பிடிக்கிற பைண்டர், மேல பளபளன்னு சுத்தின ரேப்பர். பில்லர் முழு நீள இலையா இருந்தா லாங் பில்லர், வெட்டின துண்டா இருந்தா ஷார்ட் பில்லர், பெட்டிக்கடைல அட்டைப் பாக்கெட்ல தொங்குற மெஷின் சிகார் பெரும்பாலும் ரெண்டாவது ரகம். கீழ நான் சிகார்னு சொல்றதெல்லாம் கையால சுத்தின லாங் பில்லரத்தான்.

சிகரெட்ட விட இது சேஃப்தானே சார்? புகைய உள்ள இழுக்கறதில்லையே?

இல்லைங்க. ஒரு பெரிய சிகார்ல ஒரு முழு பாக்கெட் சிகரெட்ல இருக்கற அளவு புகையிலை இருக்கலாம். சிகார் புகை காரத்தன்மை உள்ளது, அதனால நெஞ்சுக்குள்ள இழுக்கலைன்னாலும் வாய்க்குள்ள இருக்கற தோல் வழியாவே நிகோடின் ரத்தத்துல கலந்துடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல்னு கேன்சர் வர்ற இடம் எல்லாத்துக்கும் இதுவும் ஒரு காரணம்தான், பக்கத்துல உக்காந்து சும்மா பேசிட்டு இருக்கறவங்களுக்கும் அந்தப் புகை கெடுதல்தான்.

சிகரெட்ட விடறதுக்காக சிகாருக்கு மாறப் போறேன்னு வருஷத்துக்கு நாலு பேராவது வந்து சொல்றாங்க. அந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க, சிகரெட் புடிச்ச நெஞ்சு சிகாரையும் பழக்க தோஷத்துல உள்ளதான் இழுக்கும், அது இன்னும் மோசம். விடணும்னு நெனச்சா 1800-11-2356னு கவர்மென்ட் நம்பர் இருக்கு, காசு இல்ல, அதுக்கு பேசுங்க. மாசம் ரெண்டுன்னு நான் கணக்கு வச்சிருக்கறதும் இந்த பயத்துலதான்.

ஒன்னையே எதுக்கு புடிச்சு தொங்கணும்? மாத்தி மாத்தி புடிச்சாதானே ஜாலி?

சேலத்துல எத்தன தள்ளுவண்டில தட்டுவடை செட் போடறாங்க? ஆனா வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா நீங்க எல்லா வண்டிக்குமா கூட்டிட்டு போறீங்க, ஒரே வண்டிக்குத்தான். அது ஊர்லயே பெஸ்ட் செட்டான்னு கேட்டா உங்களுக்கே தெரியாது. ஆனா அங்க சட்னி என்னைக்கும் ஒரே மாதிரி இருக்கும், பீட்ரூட் துருவல் என்னைக்கும் கம்மி பண்ண மாட்டாரு, அந்த நம்பிக்கைலதான் போறீங்க. சிகார்லயும் பேவரிட்னா எனக்கு அதுதான். வாழ்க்கைலயே பெஸ்ட்டா ஒன்னு புடிச்சிருப்பீங்க, அது வேற கதை. இது, நல்ல நாள்லயும் கெட்ட நாள்லயும் கை போனா ஏமாத்தாதது.

மாத்தி பாக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. வருஷத்துல நாலஞ்சு புதுசு நானும் பாக்கறேன். ஆனா திரும்பி வர ஒரு வீடு இருந்தாத்தான் ஊர் சுத்தறதுல சுகம், இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் கடைல அரை மணி நேரம் நின்னு, விலைய பாத்து மயங்கி, கடைசில கடைக்காரர் தள்ளிவிடற எதையோ வாங்கிட்டு வருவீங்க. மாசத்துக்கு ரெண்டுதான்னு ஆனப்புறம் அதுல ஒன்னு பாழாப்போனா அந்த மாசத்துல பாதி போச்சு, அத யோசிங்க.

கல்யாணத்துல யாரோ குடுத்தத ரெண்டு மூணு தடவ புடிச்சிருக்கேன், அவ்ளோதான் அனுபவம். எந்த சைஸ்ல இருந்து தேடறது?

சைஸ்ல ரெண்டு நம்பர். ஒன்னு நீளம், இன்ச்ல. இன்னொன்னு ரிங், அதாவது ஒரு இன்ச்ச 64 பாகமா பிரிச்சா அதுல எத்தன பாகம் தடிமன்னு கணக்கு. ரொபஸ்டோன்னா 5 இன்ச் 50 ரிங், கிட்டத்தட்ட முக்கால் இன்ச்சுக்கு மேல தடிமன். கரோனான்னா அஞ்சரை இன்ச் 42 ரிங், ஒல்லி. சர்ச்சில்னு அவர் பேர்லயே ஒன்னு இருக்கு, 7 இன்ச் 47 ரிங், அது ஒன்றரை மணி நேர வேலை.

புதுசா தேடறவங்க பெருசுக்கு போறாங்க, காசுக்கு நிறைய வருதேன்னு. வேணாம். உங்களுக்கு நிஜமா எவ்ளோ நேரம் கிடைக்குதுன்னு பாருங்க, வீட்டம்மா கூப்பிடறதுக்கு முன்னாடி, போன் அடிக்கிறதுக்கு முன்னாடி. எனக்கு நாப்பது நிமிஷம், அதனால கரோனா. பாதில அணைச்சு தூக்கிப்போடற ரொபஸ்டோவ விட முழுசா முடிக்கிற கரோனாதான் பேவரிட் ஆகும். ஸ்ட்ரென்த் மைல்டு இல்லைன்னா மீடியம், அதுக்கு மேல இப்போதைக்கு போகாதீங்க.

ரேப்பர் கருப்பா இருந்தா ஸ்ட்ராங்கு, வெளுப்பா இருந்தா லைட்டு. கரெக்டா மாமா?

பாதி பேரு இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க. கலருக்கும் ஸ்ட்ரென்த்துக்கும் நேரடி சம்பந்தம் இல்ல மாப்ள. மதுரோன்னு சொல்ற கருப்பு ரேப்பர் ரொம்ப நாள் புளிக்க வச்சு எடுக்கறது, அதுல ஒரு இனிப்பு கூட வரும், புடிச்சு பாத்தா ரொம்ப சாதுவா இருக்கறதும் உண்டு. ஸ்ட்ரென்த் பெரும்பாலும் உள்ள இருக்கற பில்லர்ல இருந்து வருது, செடியோட உச்சில வெயில் நல்லா வாங்கின இலை லிஹேரோன்னு பேரு, அது எவ்ளோ சேத்திருக்காங்கங்கறதுதான் விஷயம்.

வெளுப்பா இருக்கறது பெரும்பாலும் கனெக்டிகட் ரகம், துணிப்பந்தல் போட்டு நிழல்ல வளக்கறது. ஈக்வடார்ல மேகமே பந்தல் மாதிரி மூடிக்கறதால துணி இல்லாமலே வளக்கறாங்க. நம்ம ஏற்காட்டுல சில்வர் ஓக் நிழல்ல காபி வைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன், நேரடி வெயில் படாத இலை மெல்லிசா, மிருதுவா வரும்.

ஒன்னு புடிச்சு பாத்தாலே தெரிஞ்சிடாதா? பேவரிட்டான்னு பாக்க ஒரே ரகத்துல எதுக்கு அஞ்சு வாங்க சொல்றீங்க, காசு என்ன மரத்துலயா காய்க்குது?

ஒன்னுல தெரியறது அந்த ஒரு சிகாரப் பத்தி மட்டும்தான். கையால சுத்தறது, ஒன்னு இறுக்கமா வரும் ஒன்னு தளர்வா வரும், அன்னைக்கு நீங்க சாப்பிட்டது வேற, தூங்கினது வேற. அதனால ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே சைஸ்ல அஞ்சு. வாங்கின உடனே தொடாதீங்க, பஸ்லயும் கார்லயும் குலுங்கி வெயில்ல வந்திருக்கும், கீழ நான் சொல்ற ஈரப்பத டப்பாவுல ரெண்டு வாரம் தூங்கட்டும்.

மொதல் ஒன்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்லா சாப்பிட்டு. ரெண்டாவது சாதாரண வேலை நாள் சாயங்காலம். மூணாவதுதான் முக்கியம், மனசு சரியில்லாத நாள் ஒன்னு வரும்ல, கடைல சண்டை, இல்ல பேங்க்ல அலைச்சல், அன்னைக்கு புடிங்க. நாலாவத வீட்டுல யார்கிட்டயாவது குடுத்து, மேல இருக்கற பேப்பர் பட்டைய கழட்டிட்டு அதே மாதிரி இருக்கற வேற ஒன்னோட கலந்து வைக்க சொல்லுங்க. கண்டுபிடிக்கிறீங்களான்னு பாருங்க. நான் மொதல் தடவ தோத்தேன், பேரு போட்ட பட்டைதான் எனக்கு ருசியா இருந்திருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அஞ்சாவத ஆறு மாசம் மறந்துடுங்க.

ஒவ்வொன்னுக்கும் நாள்காட்டி தாள் பின்னாடி மூணு வரி எழுதுங்க, புகை ஈஸியா வந்துச்சா, நேரா எரிஞ்சுச்சா, கடைசி மூணுல ஒரு பங்கு எப்படி இருந்துச்சு. கூடவே பத்துக்கு ஒரு மார்க் போடுங்க. மொத பாதி எல்லா சிகாரும் நல்லாத்தான் நடிக்கும், கடைசிலதான் வண்டவாளம் தெரியும். தோல் வாசனை, கோகோ, மண் வாசனைன்னு வெள்ளக்காரன் எழுதறத பாத்து பயப்படாதீங்க, எனக்கு புடிச்சதுல அடுப்படில மல்லி வறுக்கற வாசனை வரும், அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். அஞ்சுக்கும் ஏழு ஏழு மார்க் வந்தா அதுதான் உங்க சிகார். பத்து, நாலு, ஒன்பதுன்னு ஏறி எறங்குறது எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் விட்ருங்க.

எவ்ளோ விலைல பேவரிட் வச்சுக்கலாம்?

கை தவறி மழைத்தண்ணில விழுந்துச்சுன்னா "ச்சே"ன்னு சொல்லிட்டு போற விலை. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னா அது உங்களுக்கு பேவரிட் இல்ல, நகை. நம்ம நாட்டுல இறக்குமதி சிகாருக்கு வரி மேல வரி, வெளிநாட்டு விலைய நெட்ல பாத்து கணக்கு போட்டா வயிறுதான் எரியும்.

சேலம் வெயில்ல இத எப்படி காப்பாத்தறது? பிரிட்ஜ்ல வச்சா போதாதா?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிக்க முடியும்னா இத படிங்க. பிராண்ட் தேடி அலையறவங்க பாதிப்பேருக்கு பிரச்சனை பிராண்ட்ல இல்ல, வச்சிருக்கற இடத்துல. சிகாருக்கு வேண்டியது 65ல இருந்து 70 சதவீதம் ஈரப்பதம், 18ல இருந்து 21 டிகிரி சூடு. நம்ம ஊர் பங்குனி சித்திரைல 40 டிகிரிய தொடும், மேல தளம் போட்ட மாடி ரூம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும். அங்க மேசை டிராயர்ல சிகார வச்சா ஒரே வாரத்துல சருகு.

பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், இப்ப வர்ற பிரிட்ஜ் எல்லாம் ஈரத்த உறிஞ்சி எடுக்கறது, போதாததுக்கு மீன் குழம்பு வாசனையும் ஏறும். சிகார் பஞ்சு மாதிரி, பக்கத்துல என்ன இருக்கோ அந்த வாசனைய குடிக்கும். பூஜை ரூம் பக்கம் வச்சா கற்பூரம், அடுப்படில வச்சா சாம்பார் பொடி, பீரோல வச்சா பாச்சா உருண்டை. எங்க வீட்டுல ஒரு தடவ சாம்பிராணி போட்டப்ப டப்பா திறந்து கெடந்துச்சு, அந்த மாசம் பூரா கோயில்ல உக்காந்து புடிச்ச மாதிரியே இருந்துச்சு.

பெரிய மரப்பெட்டி ஹ்யூமிடார் எல்லாம் அப்புறம். காத்து போகாத மூடி இருக்கற நல்ல பிளாஸ்டிக் டப்பா, வாசனை போற வரைக்கும் கழுவி காய வச்சது, அதுக்குள்ள போவெடா மாதிரி ஈரப்பத பாக்கெட் 65 இல்லைன்னா 69 நம்பர் ஒன்னு, அவ்ளோதான். அது ஈரம் கம்மியானா குடுக்கும், ஜாஸ்தியானா எடுத்துக்கும். ஈரப்பதம் அளக்கற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்னு போடுங்க, ஆனா அது சொல்றத அப்படியே நம்பாதீங்க. பாட்டில் மூடில உப்பு போட்டு நாலு சொட்டு தண்ணி விட்டு, கஞ்சியாகாம ஈரமா மட்டும் இருக்கணும், அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு ஒரு நாள் விட்டா 75 காட்டணும், 71 காட்டினா உங்க மீட்டர் நாலு கம்மியா காட்டுதுன்னு அர்த்தம். டப்பாவ கீழ் வீட்டுல உள் ரூம்ல மர அலமாரி அடித்தட்டுல வைங்க, ஏசி ரூம் இருந்தா இன்னும் நல்லது. மாசில இருந்து வைகாசி வரைக்கும் அஞ்சுக்கு மேல வாங்கி வைக்காதீங்க.

சிகார்ல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, தூளா கொட்டுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்ல, வண்டு. மஞ்சள் மண்டிப் பக்கம் போனா மூட்டைல கெடக்கற மஞ்சக் கெழங்குல பொடிப்பொடியா ஓட்டை பாத்திருப்பீங்கல்ல, மிளகாய்லயும் மல்லிலயும் கூட வரும், அதே வண்டுதான், புகையிலை வண்டுன்னே பேரு. முட்டை இலைக்குள்ள கண்ணுக்கு தெரியாம இருக்கும், 25 டிகிரிய தாண்டி சூடு நிலைச்சா பொரிஞ்சுக்கும். ஜங்ஷன் பார்க்கிங்ல கார் டேஷ்போர்டுல ஒரு பெட்டிய ரெண்டு நாள் விட்டுட்டு போன புண்ணியவான் நான்தான், மூணு வாரம் கழிச்சு திறந்தா பாதி பெட்டி மாவு.

ஓட்டை விழுந்தத தூக்கிப்போடுங்க. மத்தத ரெண்டு ஜிப் கவர்ல காத்து போகாம கட்டி பிரீசர்ல மூணு நாள், அப்புறம் கீழ் தட்டுல ஒரு நாள், அப்புறம் வெளிய. நேரா பிரீசர்ல இருந்து வெளிய எடுத்தா ரேப்பர் வெடிக்கும். பிரிட்ஜ் வேண்டாம்னு மேல சொன்னேனேன்னு கேக்காதீங்க, அது குடி வைக்கிறதுக்கு, இது வைத்தியத்துக்கு.

ஏற்காட்டுல புடிச்சப்ப தேன் மாதிரி இருந்துச்சுண்ணா, அதே பெட்டில இருந்து கீழ சேலத்துல அஸ்தம்பட்டி வீட்டுல எடுத்தா கசக்குது. கம்பெனிக்காரன் ஏமாத்தறானா?

கம்பெனிக்காரன் பாவம், விடுங்க. கொண்டை ஊசி இருவதையும் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு போனா அங்க காத்துல ஈரமும் வேற, சூடும் வேற. கீழ நீங்க திறந்து வச்சிருந்த சிகார் காஞ்சிருக்கும், காஞ்சது வேகமா சூடா எரியும், நாக்க சுடும், கசப்பு ஏறும். இதுக்கு மேல சொன்ன டப்பாவுல மூணு வாரம் வைங்க, திரும்பி வந்துடும். அவசரப்பட்டு ஈரத்துணில சுத்தி வைக்கிற வேலை வேணாம், ரேப்பர் கிழிஞ்சுடும்.

இதுக்கு தலைகீழாவும் நடக்கும். ஐப்பசி மழைல மலை மேல நாலு நாள் வெளியவே வச்சா ஊறிப்போய் உப்பும், இழுத்தா புகையே வராது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அணையும். இன்னும் விட்டா வெள்ளையாவோ பச்சையாவோ பஞ்சு மாதிரி படியும், அது பூஞ்சை. 'ப்ளூம், பழைய சிகாரோட அழகு'ன்னு கதை சொல்றவங்கள நம்பாதீங்க. அதனால ஒரு சிகார ஒதுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துலயும் புடிச்சு பாருங்க. கீழயும் மேலயும் சுமாரா ஒரே மாதிரி நடந்துக்கறது எதுவோ அதுக்கு என்கிட்ட தனி மரியாதை.

மச்சான் அமெரிக்கால இருந்து மான்டெக்ரிஸ்டோ கொண்டாந்தான். நான் துபாய்ல வாங்கினதும் மான்டெக்ரிஸ்டோ. ருசி ஒட்டவே இல்ல, எது டூப்பு?

ரெண்டுமே ஒரிஜினல். 1960ல கியூபால சிகார் கம்பெனிங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, பழைய முதலாளிங்க பல பேரு வெளிய போய்ட்டாங்க. 1962ல அமெரிக்கா கியூபா சரக்குக்கு முழுசா தடை போட்டுச்சு. அதனால அமெரிக்கால மான்டெக்ரிஸ்டோ, ரோமியோ ஜூலியட்டா மாதிரி பேர்ல விக்கிறது டொமினிக்கன் ரிபப்ளிக் பக்கம் செய்யறது, மத்த நாடுகள்ல அதே பேர்ல விக்கிறது கியூபாவுல செய்யறது. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே பேர்ல ஆளுக்கொரு ஜவுளிக்கடை நடத்தற மாதிரிதான்.

பேவரிட் தேடறப்ப இது பெரிய குழி. பேர மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவ வேற ஆள்கிட்ட வாங்கி வர சொல்லி ஏமாந்துடுவீங்க. பேரு, சைஸ், நாடு மூணையும் எழுதி வைங்க, பட்டைய கழட்டி அந்த நாள்காட்டி தாள்லயே ஒட்டிடுங்க. கொண்டு வர்றவங்ககிட்ட ஆளுக்கு 25 சிகார் வரைக்கும்தான் வரியில்லாம வரலாம்னும் சொல்லி விடுங்க, ஏர்போர்ட்ல மச்சான் நம்மள திட்டக் கூடாது பாருங்க.

ஒருத்தர் கோஹிபா பாதி விலைக்கு தர்றேங்கறாரு, மேல கண்ணாடி மூடி போட்ட பெட்டி, பாக்கவே செமயா இருக்கு. வாங்கலாமா?

கண்ணாடி மூடியப் பாத்தாலே ஓடிடுங்க, டூப்ளிகேட்டுக்கு அதவிட பெரிய அடையாளம் இல்ல. கியூபா சரக்குலயே ஜாஸ்தி போலி வர்ற பேரு அதுதான். அதுல ஒன்னு நல்லாவே இருந்தாலும் நாளைக்கு அதே மாதிரி எங்க போய் வாங்குவீங்க?

பாதி புடிக்கறப்பவே தலை சுத்துது, குப்புனு வேர்க்குது. எனக்கு ஒத்துக்கலையா?

நிகோடின் ஜாஸ்தி ஆயிடுச்சு. உடனே வைங்க கீழ. உக்காந்து தண்ணி குடிங்க, அச்சு வெல்லம் ஒரு துண்டு வாய்ல போடுங்க, கொஞ்ச நேரத்துல எறங்கும். வெறும் வயித்துல புடிச்சிருப்பீங்க, இல்ல ரயில் இன்ஜின் மாதிரி விடாம இழுத்திருப்பீங்க. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அதுக்கு மேல இழுத்தா சிகார் சூடாகி ருசியும் கெடும். இப்படி எல்லாம் கவனிச்சும் மறுபடி மறுபடி சுத்துதுன்னா அந்த ஸ்ட்ரென்த் உங்களுக்கு வேணாம், எவ்ளோ புடிச்சிருந்தாலும். உடம்பு மொத்தமாவே வேணாம்ங்குதுன்னா அதையும் கேளுங்க, ரெண்டாவது கேள்விய மறுபடி படிங்க.

காபியோட நல்லா இருக்குமா?

ஏற்காட்டு அரபிகா, பால் இல்லாம, கொஞ்சம் கருப்பட்டி. பால் ஊத்தின பில்டர் காபி நாக்குல படிஞ்சு சிகார் ருசிய மூடிடுது, ஆனா எங்க சித்தப்பா டபரா செட்டோடதான் புடிப்பாரு, அவரோட சண்டை போட நான் தயாரில்ல. டெஸ்ட் பண்ற அஞ்சுக்கும் ஒரே காபி குடிங்க, அது மட்டும் முக்கியம்.

ஏற்காட்டு லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல நின்னு சேலம் லைட்டுங்கள பாத்துக்கிட்டே ஒன்னு பத்த வச்சா எப்படி இருக்கும்!

200 ரூபா அபராதம் இருக்கும். 2008 அக்டோபர் 2ல இருந்து பொது இடத்துல புகைக்கக் கூடாது, குழந்தை குட்டியோட வர்ற இடம் வேற அது. சொந்த வீடு, தோட்டத்து வீட்டுத் திண்ணை, கேட்டுட்டு புடிங்க.

இன்னொன்னு இத விட முக்கியம். மாசி பங்குனில சேர்வராயன் சரிவு பூரா காஞ்ச புல்லு, சருகு. ராத்திரில அடிவாரத்துல இருந்து பாத்தா மலை மேல தீ மாலை மாதிரி எரியறத நீங்களும் பாத்திருப்பீங்க. துண்ட கார் ஜன்னல் வழியா வீசவே கூடாது. சிகார் சிகரெட் மாதிரி நசுக்கறதில்ல, வச்சா தானா அணையும், ஆனா அது சாம்பல் தட்டுல வச்சாத்தான். அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள கங்கு இருக்கும், தண்ணி ஊத்தின டப்பால போட்டு மூடி எடுத்துட்டு வாங்க.

நாலு வருஷமா ஒன்னத்தான் புடிச்சேன். இப்ப ருசி மாறின மாதிரி இருக்கு, போதாததுக்கு கடைல ஸ்டாக் இல்லைங்கறாங்க. இனி என்ன பண்றது?

மொதல்ல மாறினது சிகாரா நீங்களான்னு பாருங்க. டப்பா ஈரப்பதம் சரியா, பாக்கெட் காஞ்சு கல்லாயிடுச்சா, புதுசா ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா, சமீபத்துல காய்ச்சல் வந்து நாக்கு செத்துப்போச்சா. பழைய பெட்டில இருந்து ஒன்னு ஒளிச்சு வச்சிருந்தா அது இப்பத்தான் உதவும். அதையும் இப்ப வாங்கினதையும் பக்கத்துல பக்கத்துல புடிங்க. புகையிலையும் வெள்ளாமைதானே, ஒரு வருஷ மல்கோவா மாதிரி அடுத்த வருஷம் இருக்கறதில்ல, கம்பெனிக்காரங்க பழைய இலை புது இலை கலந்து ஒரே ருசில நிறுத்தப் பாப்பாங்க, சில வருஷம் நிக்காது.

நிஜமாவே மாறிடுச்சு, இல்ல கிடைக்கலைன்னா, பேர வச்சு தேடாதீங்க, பழைய தாள எடுங்க. அதே சைஸ், அதே ரேப்பர் ரகம், அதே நாடு, இந்த வரிசைல தேடுங்க. நிகரகுவான்னா அதுலயும் எஸ்தெலி இலைக்கு ஒரு முறுக்கு, ஹலாப்பா இலைக்கு ஒரு இனிப்புன்னு வித்தியாசம் இருக்கு, பெட்டில போட்டிருந்தா பாருங்க. மூணும் ஒத்துப்போற ரெண்டு மூணு கிடைச்சா மறுபடி அஞ்சஞ்சு. கஷ்டம்தான். எங்க தாத்தா ஒரே கடைல ஒரே கட்டு சுருட்டு நாப்பது வருஷம் வாங்கினாரு, கடை மூடினப்ப இன்னொரு கடைக்கு போகாம சுருட்டையே விட்டுட்டாரு. அதுவும் ஒரு வழி, யோசிச்சு பாத்தா இருக்கறதுலயே நல்ல வழி அதுதான்.

இதெல்லாம் சரிங்க மாமா, நீங்க புடிக்கறது எதுன்னு மட்டும் சொல்லுங்க, நானும் அதையே வாங்கிக்கறேன்.

நிகரகுவா, கரோனா சைஸ், கருப்புமில்லாம வெளுப்புமில்லாம ஒரு ரேப்பர். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அஞ்சு வாங்கி பாக்கற வேலைய யாரும் செய்ய மாட்டீங்க, நல்லா இல்லைன்னா என்னைத்தான் திட்டுவீங்க. அடம் பிடிக்கறவங்க ஐப்பசி மழை விட்டதும் ஒரு ஞாயித்துக்கிழமை தோட்டத்து வீட்டுக்கு வாங்க, ஒன்னு தர்றேன், பட்டைய கழட்டிட்டுத்தான் தருவேன்.